ஜிம்மி என்றொரு பையன்: பாஸ்டனிலிருந்து நியூ ஸ்வீடன் வரை

வெள்ளி, ஃபென்வே பார்க்

கென்மோர் ஸ்டேஷனில் இறங்கினால் மைதானத்துக்கு வழி கேட்கத் தேவையில்லை. கருநீலத் தொப்பியில் சிவப்பு ‘பி’ எழுத்தோடு போகிற கூட்டத்தின் பின்னாலேயே நடந்தால் ஃபென்வே பார்க் வந்துவிடும். 1912 ஏப்ரலில் திறந்த மைதானம். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் இன்றும் நடக்கிற மைதானங்களில் இதைவிடப் பழையது கிடையாது. இருக்கைகள் குறுகல், சில இடங்களில் தூண் மறைக்கும். இருந்தும் இதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று யாராவது சொன்னால் இந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்களாம்.

“மாமா, அந்தப் பச்சைச் சுவர் 37 அடி. பால் அதுக்கு மேல போனா ஹோம்ரன். சுவத்துல பட்டு விழுந்துச்சுன்னா ஓடணும்,” என்றான் தங்கச்சி மகன்.

இந்தப் பயணத்தின் திட்டம் முழுக்க அவனுடையது. பாஸ்டனின் பேஸ்பால் அணி ரெட் சாக்ஸ் ஃபென்வேயில் ஆடும் ஆட்டம் ஒன்று, அவர்களுடைய இளநிலை அணி போர்ட்லாண்டில் ஆடும் ஆட்டம் ஒன்று, அப்படியே வடக்கே மெயின் மாநிலத்தின் மூலையில் ஒரு கிராமம், திரும்பி வந்து மறுபடி ஃபென்வே. அவனுக்கு ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. வைத்தியம் இதே பாஸ்டனில். அப்போது நான் மதுரையில் பள்ளிக்கூட வேலையில் இருந்தேன். ராத்திரிகளில் போனில் தங்கச்சி பேசுவதைக் கேட்பேன், அவ்வளவுதான் முடிந்தது. இப்போது அவன் கல்லூரியில் படிக்கிறான், நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அவன் பெயரை எழுத மாட்டேன் என்று சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே இதை எழுதுகிறேன்.

மைதானத்துக்குள் ‘ஜிம்மி ஃபண்ட்’ என்ற பெயர்ப் பலகை ஒன்று உண்டு. பல ஆண்டுகள் ஃபென்வேக்குள் அனுமதித்த விளம்பரம் அது ஒன்றுதான் என்கிறார்கள். குழந்தைகளின் புற்றுநோய்க்காக 1948-ல் தொடங்கிய நிதி. 1953 முதல் ரெட் சாக்ஸ் அணி அதைத் தன் சொந்த நிதியாக நினைத்து நடத்துகிறது. ஒரு விளையாட்டு அணியும் ஒரு மருத்துவமனையும் எழுபது வருடத்துக்கு மேல் இப்படிச் சேர்ந்தே இருப்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

முன் வரிசையில் ஒருவர் முதுகில் 49 என்று போட்ட சட்டை. அது டிம் வேக்ஃபீல்டின் எண். ‘நக்கிள்பால்’ வீசுகிறவர். வேகம் குறைவு, பந்து சுழலாமல் மிதந்து வந்து கடைசி நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்று அடிப்பவருக்கும் தெரியாது, பிடிப்பவருக்கும் தெரியாது. அந்தப் பந்தை வைத்துக்கொண்டே 1995-லிருந்து ரெட் சாக்ஸுக்கு ஆடி 186 வெற்றிகள் சேர்த்தார். ஆடிய காலத்திலும், ஆட்டத்தை விட்ட பிறகும் ஜிம்மி ஃபண்டுக்காக அலைந்துகொண்டே இருந்தார். புற்றுநோய் வார்டுக் குழந்தைகளோடு உட்கார்ந்து பேசுவது, பணம் திரட்டும் கூட்டங்களுக்குப் போவது என்று அவருடைய நாட்கள் போயின. 2023 அக்டோபர் 1-ஆம் தேதி, 57 வயதில், மூளைப் புற்றுநோயில் இறந்தார். ஐந்து மாதத்துக்குள் அவர் மனைவி ஸ்டேசியும் கணையப் புற்றுநோயில் போய்விட்டார். இதை இப்போது தட்டச்சு செய்யும்போதும் எனக்குக் கை நிற்கிறது. பிறர் வீட்டுக் குழந்தைகளுக்காக இத்தனை காலம் ஓடியவர் வீட்டில் அந்த நோய் இப்படி இரட்டையாகப் புகுந்தது. இதற்கு எந்தக் கணக்கும் சமாதானம் சொல்லாது. நானும் சொல்லப் போவதில்லை.

எதிரணி பால்டிமோர். ரெட் சாக்ஸ் தோற்றது. மருமகன் கடைசி அவுட் வரை எழுந்திருக்கவில்லை.

சனி, புரூக்லைன் அவென்யூ

ஃபென்வே பக்கத்தில் தொடங்குகிற புரூக்லைன் அவென்யூவிலேயே நேராக நடந்தால் அரை மணிக்குள் டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனம். ஜிம்மி ஃபண்டின் மருத்துவமனை இதுதான். மைதானத்துக்கும் மருத்துவமனைக்கும் ஒரே தெரு. மருமகன் சின்ன வயதில் இந்தத் தெருவைக் காருக்குள் படுத்தபடியே பார்த்திருக்கிறான். “ஆட்டம் இருக்கிற நாள்ல ட்ராஃபிக் ஜாஸ்தி மாமா. அம்மா டென்ஷன் ஆவாங்க. நான் ரேடியோ போடச் சொல்லுவேன்.”

இதைத் தொடங்கிய சிட்னி ஃபார்பர் ஒரு நோய்க்குறியியல் மருத்துவர். இறந்த குழந்தைகளின் உடல் திசுக்களை நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் அவர் வேலை. லுகேமியா என்கிற ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்கு அன்று செய்வதற்கு எதுவுமே இல்லை. சில வாரங்களில் கதை முடிந்துவிடும். ரத்த அணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும், அதைத் தடுத்தால் புற்று அணுக்கள் பட்டினி கிடக்குமா என்று அவர் யோசித்தார். தடுக்கிற மருந்தைச் செய்து அனுப்பியது லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். அதன் தலைவர் யெல்லாப்ரகடா சுப்பாராவ்.

சுப்பாராவ் ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்தவர், படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். காந்தி சொன்னார் என்று அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கியில் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். 1923-ல் பாஸ்டனுக்குக் கப்பலேறி வந்து, சாப்பாட்டுக்காக மருத்துவமனையில் இரவு வேலை பார்த்தார். அந்த மருத்துவமனை, இப்போது நான் நிற்கிற இடத்துக்கு அடுத்த வளாகம். ஹார்வர்டில் பெரிய ஆராய்ச்சிகள் செய்தும் நிரந்தர வேலை தரவில்லை. 1940-ல் லெடர்லிக்குப் போனார். அவருடைய குழு செய்த அமினோப்டெரின் என்ற அந்தத் தடுப்பு மருந்தைத்தான் ஃபார்பர் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. 1948 ஜூனில் அந்த ஆய்வறிக்கை வெளியானது. மருமகனுக்கு முதுகுத்தண்டில் ஊசியாகப் போட்ட மெத்தோட்ரெக்சேட் இதற்கு நெருங்கிய சொந்தம். சென்னையில் பட்டம் மறுக்கப்பட்ட ஒருவரின் கைவேலை, இத்தனை வருடம் கழித்து எங்கள் வீட்டுப் பையனின் ரத்தத்தில் ஓடியிருக்கிறது. அவனிடம் சொன்னேன். “இவரைப் பத்தி யாருமே சொன்னதில்ல மாமா,” என்றான்.

பேஸ்பாலின் மாபெரும் வீரர் பேப் ரூத்துக்கும் புற்றுநோய் வந்தபோது, 1947-ல், லெடர்லி செய்த இன்னொரு மருந்தைத்தான் சோதனையாகக் கொடுத்தார்கள். சில காலம் தேறினார். 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் மாரடைப்பில் இறந்தார். அதே மாதம் பேப் ரூத்தும் இறந்தார்.

டேனா-ஃபார்பரின் ஒரு கட்டடத்துக்கு யாக்கி என்று பெயர். டாம் யாக்கி ரெட் சாக்ஸின் பழைய முதலாளி. ஜிம்மி ஃபண்டை அணியோடு சேர்த்துவைத்தவர். மேஜர் லீகில் கறுப்பின வீரரைக் கடைசியாகச் சேர்த்துக்கொண்ட அணியும் அவருடையதுதான். நவீன மேஜர் லீகின் முதல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் 1947-லேயே வேறு அணியில் வந்துவிட்டார். ரெட் சாக்ஸில் பம்ப்சி கிரீன் வந்தது 1959-ல். அதனால்தான் ஃபென்வே வாசலில் இருந்த யாக்கி வே 2018-ல் மறுபடி ஜெர்சி தெருவானது. 1976-ல் யாக்கி இறந்ததும் லுகேமியாவில். கொடுத்தது உண்மை, ஒதுக்கியதும் உண்மை. ஒன்றைக் கொண்டு இன்னொன்றைக் கழுவ முடியாது என்பது என் கருத்து. தெருவில் பெயரை எடுத்ததும் சரி, கட்டடத்தில் விட்டுவைத்ததும் சரி என்றே படுகிறது.

அந்தக் கட்டடம் எழும்பிய காலத்தில் நடந்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. எதிரே கீமோவுக்கு வந்த குழந்தைகள் தங்கள் பெயரைக் காகிதத்தில் எழுதி ஜன்னலில் ஒட்டினார்கள். இரும்பு வேலை செய்த தொழிலாளிகள் அதைப் பார்த்து, தூக்கி நிறுத்தும் உத்தரங்களில் அந்தப் பெயர்களைப் பெயிண்டால் எழுதினார்கள். சுவர் வந்த பிறகு அவை வெளியே தெரியாது.

சாயங்காலம் காமன்வெல்த் அவென்யூவில் பழைய பிரேவ்ஸ் மைதானம். பாஸ்டனுக்கு அப்போது இரண்டு அணிகள். பிரேவ்ஸ் 1953-ல் மில்வாக்கிக்குப் போய்விட்டது. மைதானத்தைப் பாஸ்டன் பல்கலைக்கழகம் வாங்கியது. வலது பக்கப் பார்வையாளர் மேடையின் ஒரு பகுதி இன்னும் மிச்சம் இருக்கிறது. ஜிம்மியின் கதை உண்மையில் இந்த அணியோடு தொடங்கியது.

1948 மே 22, சனிக்கிழமை இரவு. ஹாலிவுட்டிலிருந்து ரால்ஃப் எட்வர்ட்ஸ் நாடு முழுக்கக் கேட்கிற தன் வானொலி நிகழ்ச்சியில் பாஸ்டன் மருத்துவமனையில் படுத்திருந்த 12 வயதுப் பையனோடு பேசினார். அவன் பெயர் ஐனார் குஸ்டாஃப்சன். குடும்பத்தின் தனிமைக்காக ‘ஜிம்மி’ என்றே அழைத்தார்கள். உனக்கு எந்த அணி பிடிக்கும், யார் யாரைப் பிடிக்கும் என்று கேட்கக் கேட்க, அவன் சொன்ன பிரேவ்ஸ் வீரர்கள் ஒவ்வொருவராக அறைக்குள்ளேயே நுழைந்தார்கள். எல்லோரும் சேர்ந்து மைதானங்களில் பாடுகிற பழைய பாட்டைப் பாடினார்கள். பிரேவ்ஸ் ஆட்டத்தைப் பார்க்க ஜிம்மிக்கு ஒரு டெலிவிஷன் வேண்டும் என்று சொல்லி எட்வர்ட்ஸ் நேயர்களிடம் நன்கொடை கேட்டார். அந்த ஆண்டு சேர்ந்த தொகை 2 லட்சம் டாலருக்கு மேல். டெலிவிஷனும் வந்தது. பிரேவ்ஸ் அந்த வருடம் தங்கள் லீகில் முதலிடம் பிடித்து, உலகத் தொடர் என்ற இறுதிச் சுற்றில் கிளீவ்லாந்திடம் தோற்றது.

இரவு சாப்பிடும்போது தங்கச்சி பேச்சை எடுத்தாள். வரும் வாரம் ஃபென்வேயில் ஜிம்மி ஃபண்டின் வானொலி, தொலைக்காட்சி நன்கொடைத் திரட்டல். 2002 முதல் ஒவ்வொரு வருடமும் இரண்டு நாள் நடக்கிறது. நோயாளிகளும் குணமானவர்களும் மைக் முன்னால் வந்து தங்கள் கதையைச் சொல்வார்கள். கேட்கிறவர்கள் போன் செய்து பணம் தருவார்கள். மருமகனையும் பேசக் கேட்டிருந்தார்கள். அவன் மாட்டேன் என்றுவிட்டான்.

“நீயே சொல்லுண்ணே. உசுரக் குடுத்தவங்க கேக்கிறாங்க, வாயத் தொறந்து நாலு வார்த்தை பேசுனா என்ன கொறஞ்சு போகும்?”

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். எனக்குத் தங்கச்சி பக்கமும் நியாயம் தெரிந்தது. மதுரையில் எங்கள் சிறிய குழு, கீமோவுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குப் பஸ் கட்டணமும் சாப்பாடும் தருகிறது. படம் போடாத நோட்டீஸைக் கையில் வாங்கியவர்கள் மடித்துப் பைக்குள் வைப்பார்கள். மொட்டைத் தலையோடு ஒரு குழந்தையின் படம் இருந்தால் அங்கேயே நின்று பர்ஸைத் திறப்பார்கள். ‘புற்றுநோய்’ என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் மனசு இளகாது. ஒரு முகம் வேண்டும்.

ஞாயிறு, போர்ட்லாண்ட்

இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். போர்ட்லாண்ட் சீ டாக்ஸ், ரெட் சாக்ஸுக்கு ஆள் தயார் செய்யும் அணிகளில் ஒன்று. ஹேட்லாக் மைதானத்திலும் ஃபென்வேயைப் பார்த்து ஒரு பச்சைச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். டிக்கெட் மலிவு, குழந்தைகள் கூட்டம், வீரர்கள் வேலி ஓரம் வந்து கையெழுத்துப் போடுகிறார்கள். சீ டாக்ஸ் ஜெயித்தது.

காரில் மருமகன் ரெட் சாக்ஸின் பந்துவீச்சாளர் ஜான் லெஸ்டர் பற்றிச் சொன்னான். 2006-ல், 22 வயதில், லெஸ்டருக்கு லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. கீமோ முடித்து மறு வருடமே திரும்பி வந்து, 2007 உலகத் தொடரை முடித்துவைத்த ஆட்டத்தில் வென்றார். 2008 மே மாதம் கான்சஸ் சிட்டியை ஒரு ஹிட்டும் எடுக்கவிடாமல் ஒரு முழு ஆட்டம் வீசினார். 2013-ல் ரெட் சாக்ஸ் கோப்பையை வென்றபோது இவன் வைத்தியத்தில் இருந்தான். அந்தத் தொடரில் லெஸ்டர் இரண்டு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார்.

“அவரப் பாத்துத் தைரியம் வந்துச்சான்னு எல்லாரும் கேப்பாங்க மாமா. அப்படியெல்லாம் இல்ல. எனக்கு அவர் பிட்சர். அவ்ளோதான். அன்னைக்கு ராத்திரி நான் பேஷண்ட் இல்ல, ரெட் சாக்ஸ் ஃபேன்.”

ஒரு பருவத்தில் 162 ஆட்டம். ஏறக்குறைய தினமும். லுகேமியா வைத்தியமும் இரண்டு, மூன்று வருடம் இழுக்கும். தினமும் ஏதாவது மாத்திரை, ஏதாவது ஊசி. அந்தக் குழந்தைக்கு நாளைக்கும் ஒரு ஆட்டம் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய பிடி என்று இப்போது புரிகிறது.

திங்கள், நியூ ஸ்வீடன்

போர்ட்லாண்டிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வடக்கே. ஹூல்டன் தாண்டியதும் நெடுஞ்சாலை முடிந்து, உருளைக்கிழங்கு வயல்கள் தொடங்குகின்றன. அருஸ்டுக் மாவட்டம். அறுவடைக் காலத்தில் பிள்ளைகள் கிழங்கு எடுக்கப் போகட்டும் என்று சில பள்ளிக்கூடங்களுக்கு லீவு விடுகிற ஊர்ப்பக்கம். 1870-ல் ஸ்வீடனிலிருந்து வந்தவர்கள் காடு வெட்டி உண்டாக்கிய கிராமம் நியூ ஸ்வீடன். இன்றும் சில நூறு பேர்தான்.

இங்கேயிருந்துதான் ஐனார் பாஸ்டனுக்குப் போனான். குடலில் லிம்போமா. வானொலியில் பேசிய பிறகு அவன் என்ன ஆனான் என்று வெளியே தெரியாது. நாடு முழுக்கப் பலர் ஜிம்மி இறந்திருப்பான் என்றே நினைத்தார்கள். அந்தக் காலத்தில் அந்த நோய்க்கு அப்படித்தான் நினைக்கத் தோன்றும். சினிமாக் கொட்டகைகளில் டப்பா குலுக்கி ஜிம்மி பெயரில் காசு சேர்ந்தது. பேஸ்பால் ஆடும் பள்ளிப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ச் சேர்த்தார்கள். ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் மாதிரி மாபெரும் வீரர், பத்திரிகைக்காரர்கள் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு, வார்டுகளுக்குப் போய்க் குழந்தைகளைப் பார்த்தார். அவருடைய தம்பி டேனி 1960-ல் லுகேமியாவில் இறந்தார். இவ்வளவும் ஜிம்மி பெயரில் நடந்துகொண்டிருக்க, ஐனார் இங்கே வளர்ந்து, கல்யாணம் கட்டி, மூன்று பெண்களைப் பெற்று, லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஐம்பது வருடம் கழித்து அவருடைய சகோதரி எழுதிய கடிதத்தால் விஷயம் வெளியே வந்தது. 1998-ல் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காக அவர் முன்னால் வந்து நின்றார். அதற்குப் பிறகு ஜிம்மி ஃபண்டுக்காகச் சந்தோஷமாக ஊர் ஊராகப் போனார். 2001 ஜனவரியில் இறந்தார், வயது 65. பக்கவாதம். புற்றுநோய் இல்லை.

வயல் ஓரம் காரை நிறுத்தினோம். செடிகளில் அங்கங்கே கடைசி வெள்ளைப் பூக்கள். மருமகன் வேலிமேல் கை வைத்துக்கொண்டு சொன்னான்:

“அவருக்கு ஒரு பொய்ப் பேர் குடுத்தாங்க பாருங்க மாமா, அதுதான் பெரிய உதவி. பணமும் வந்துச்சு, அவர் லாரியும் ஓட்டுனாரு. நான் மைக்ல பேசுனா, நாளைக்கு வேலைக்குப் போற எடத்துல, கூகுள்ல தேடினா, மொதல்ல அதான் வரும். நான் கேன்சர் பையன் ஆயிருவேன்.”

பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பிள்ளைகளோடு இருந்தவன் நான். இவன் சொன்னதைத் தள்ள எனக்கு மனசு வரவில்லை. முகம் வேண்டும் என்று கேட்கிற நாம், முகம் கொடுத்த குழந்தை வளரும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வளர்ந்து வேலை தேடும், கல்யாணம் பேசும், சில நாள் தன் நோயை மறந்தே இருக்க விரும்பும். அடையாறில் 1954-ல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, காட்டுவதற்கு நோயாளிகளைத் தேடவில்லை. புற்றுநோயில் பறிகொடுத்த தன் தங்கையை மனதில் வைத்துக்கொண்டு, தானே மக்கள் முன் போய் நின்று கேட்டார். கேட்கிறவர் தன் முகத்தைக் கொடுக்கலாம். அது எங்கள் மதுரை நோட்டீஸுக்கும் பொருந்தும். ஊருக்குப் போனதும் குழுவில் இதைப் பேசப் போகிறேன். சண்டை வரும், வரட்டும்.

கிளம்பும்போது சொன்னான், திரட்டல் நாளில் போன் எடுக்கிற தொண்டர்களில் ஒருவனாக ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டானாம். “அம்மாகிட்ட சொல்லல. சொன்னா, அப்ப மைக்ல ஏன் பேசலன்னு ஆரம்பிப்பாங்க.”

செவ்வாய்

நாள் முழுக்க சாலை. வானொலியில் திரட்டல் தொடங்கிவிட்டது. ஒரு அப்பா பேசினார், மகளை இழந்தவர். குரல் ஆடாமல் பேசினார். நியூ ஹாம்ப்ஷயர் எல்லை தாண்டும் வரை நாங்கள் இருவரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சியிடம் அவனே சொல்லிவிட்டான். அவள் அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். “போன் எடுக்கிறதுன்னா தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போடா, தொண்டை கட்டிக்கும்,” என்றாள்.

புதன், மறுபடி ஃபென்வே

மதியத்திலிருந்து மாலை வரை அவனுக்கு ஷிப்ட். நடுவில் பத்து நிமிடம் வெளியே வந்தான். அழைப்பவர்களில் பாதிப் பேர் பணத்தைப் பற்றிப் பேசுவதே இல்லையாம். முதலில் யாருக்காகத் தருகிறார்கள் என்று சொல்கிறார்கள். கணவருக்காக, பேத்திக்காக, பக்கத்து வீட்டுக்காரருக்காக. ஒரு பாட்டி வேக்ஃபீல்ட் பெயரில் 49 டாலர் தந்திருக்கிறார்.

“ஒருத்தர் கேட்டார் மாமா, நீயும் அங்க ட்ரீட்மென்ட் எடுத்தவனான்னு.”

“என்னப்பா சொன்ன?”

“ஆமான்னேன். ஒருத்தர்கிட்ட மட்டும்தானே. அவர் பையனுக்கும் இப்ப அதே லுகேமியாவாம். மூணாவது மாசமாம். எத்தன வருஷம் ஆச்சு உனக்குன்னு கேட்டார், சொன்னேன். அப்புறம் ரொம்ப நேரம் பேசினோம். பக்கத்துல இருந்த அக்கா லைன் விடுன்னு சைகை காட்டினாங்க.”

அடுத்த ஷிப்டுக்கு ஆள் குறைகிறது என்று மறுபடி உள்ளே போய்விட்டான். நான் அவன் வாங்கிக் கொடுத்த டிக்கெட்டில் வலது பக்கம் உட்கார்ந்து, ஆட்டத்துக்கு நடுவே இதைத் தட்டச்சு செய்கிறேன். எதிரணி டொராண்டோ. ஏழாவது இன்னிங்ஸ், ரெட் சாக்ஸ் இரண்டு ரன் பின்னால், இரண்டு பேர் பேஸில் நிற்கிறார்கள்.